சான்றைக் காத்துவிட்டு அப்டேட் செய்வோம்: மலைக்கிராமங்களும் ஃபர்ம்வேரும்

2019 ஆகஸ்ட் 8 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் நீலகிரி மாவட்டம் அவலாஞ்சியில் 82 சென்டிமீட்டர் மழை பதிவானது. கோவை நகரம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட இது அதிகம். மண் சரிந்தது, மரங்கள் சாய்ந்தன, சாலைகள் துண்டிக்கப்பட்டன. குந்தா நீர்மின் திட்டத்தின் அவலாஞ்சி, எமரால்டு நீர்த்தேக்கங்கள் அமைந்துள்ள பகுதி அது. சமவெளிக்கு மின்சாரம் அனுப்பும் அதே மலையில்தான், பருவமழை வலுத்து மின்கம்பியின் மீது மரம் விழுந்தால், ஊர்கள் இருளில் மூழ்குகின்றன; சிறிது நேரத்தில் கைபேசிக் கோபுரமும் அடங்கிவிடுகிறது.

ஃபர்ம்வேர் குறித்த கட்டுரையை மழைக்கணக்கில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. சார்ஜரில் இணைத்துக்கொள்ளுங்கள், நிலையான வைஃபையைப் பயன்படுத்துங்கள், இடையில் கருவியை அணைக்காதீர்கள் என்று எல்லா நிறுவனங்களும் அறிவுறுத்துகின்றன. இவை மூன்றும் தடையற்ற மின்சாரமும் சொந்த இணைய இணைப்பும் உள்ள வீட்டை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் ஒரே பிளக் பாயிண்டை நால்வர் பகிர்ந்துகொண்டு, ஒரு நாளைய டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவிடும் தொழிலாளிக்கு அவை பாதி உதவியாகவே இருக்கின்றன. மீதிப் பாதியைப் பற்றியும், அதற்குள் ஒளிந்திருக்கும் சட்டப் பிரச்சினையைப் பற்றியும் நாம் பேச வேண்டியிருக்கிறது.

ஃபர்ம்வேர் என்பது கருவியின் வன்பொருளோடு ஒட்டி இயங்கும் அடிப்படை மென்பொருள். நாம் நிறுவும் செயலிகள் வீட்டுக்குள் வைக்கும் தட்டுமுட்டுச் சாமான்கள் என்றால், ஃபர்ம்வேர் அவ்வீட்டின் அஸ்திவாரம். கைபேசி, ரௌட்டர், செட்டாப் பாக்ஸ், ஸ்மார்ட் டிவி, கண்காணிப்புக் கேமரா, அதன் பதிவுப்பெட்டியான டிவிஆர் ஆகிய அனைத்திலும் அது உண்டு. கைபேசியில் வரும் 'சிஸ்டம் அப்டேட்' பெரும்பாலும் இயங்குதளத்தையும் ஃபர்ம்வேரையும் சேர்த்தே மாற்றுகிறது. செயலி ஒன்று கெட்டால் நீக்கிவிட்டு மீண்டும் நிறுவலாம். அஸ்திவாரத்தை மாற்றும் வேலை பாதியில் நின்றால் கருவியே உயிர்பெறாமல் போகலாம். தொழில்நுட்பர்கள் இதைக் கருவி 'செங்கல்' ஆகிவிட்டது என்பார்கள்.

கைபேசி செங்கல் ஆவது சிலருக்குப் பண இழப்பு. நம் மக்களுக்கு அது வழக்கிழப்பாகவும் மாறக்கூடும்.

1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் இலங்கையிலிருந்து திருப்பியனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களில் பலர் நீலகிரியில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே அரசு டான்டீ தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. அவர்களுள் பெரும்பகுதியினர் தலித்துகள். இக்குடும்பங்களிடமும் மலையின் பிற உழைக்கும் குடும்பங்களிடமும் பெரும்பாலும் கணினி இல்லை, வீட்டில் தனி இணைய இணைப்பு இல்லை. இருப்பது மலிவான ஓர் ஆண்ட்ராய்டு கைபேசி. வங்கிக் கணக்கும் ரேஷன் குறுஞ்செய்தியும் பிள்ளையின் பாடமும் அதில்தான். சாதிப்பெயர் சொல்லித் திட்டிய ஒலிப்பதிவும், தாக்குதலைத் தற்செயலாகப் படம்பிடித்த காணொளியும் அதில்தான்.

அந்தப் பதிவின் மதிப்பை அளவிட கோகுல்ராஜ் வழக்கு போதும். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் கடைசியாகக் காணப்பட்ட அந்தத் தலித் இளைஞர் மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். முக்கியச் சாட்சி பிறழ்சாட்சியானார். கோயிலின் கண்காணிப்புக் கேமரா பதிவு பிறழவில்லை. மேல்முறையீட்டை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷும் என். ஆனந்த் வெங்கடேஷும் 2023 ஜனவரியில் அக்கோயிலுக்கே சென்று கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்வையிட்டனர். அவ்வாண்டு ஜூன் 2 அன்று முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தனர்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் நிகழ்ந்தது இதற்கு மறுபக்கம். தந்தையும் மகனும் காவல் சித்திரவதையில் இறந்த அவ்வழக்கில் விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர், காவல் நிலையப் பதிவுப்பெட்டியில் போதிய சேமிப்பிடம் இருந்தும் பதிவுகள் அன்றாடம் தானாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை உயர் நீதிமன்றத்திற்குத் தெரிவித்தார். கருவிக்குள் இருக்கும் ஓர் அமைப்புத் தெரிவு ஒரு நாளின் கொடுமையைத் துடைத்தெடுக்கப் போதுமானதாக இருக்கிறது.

அப்டேட்டைத் தவிர்ப்பதும் தீர்வல்ல

இதைக் கேட்டவுடன், அப்படியானால் அப்டேட்டே வேண்டாம் என்று முடிவெடுக்கத் தோன்றும். தோட்டத் தொழிலாளரும் கல்லூரி மாணவரும் பலர் இவ்வாறே 'பிறகு நினைவூட்டு' என்ற பொத்தானை மாதக்கணக்கில் அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. 2021 புத்தாண்டையொட்டி ஷாவ்மி நிறுவனம் எம்ஐ ஏ3 கைபேசிகளுக்கு அனுப்பிய ஆண்ட்ராய்டு 11 அப்டேட், இந்தியாவில் பலரின் கைபேசிகளை ஒரே இரவில் செங்கலாக்கியது. உத்தரவாதக் காலம் முடிந்திருந்தாலும் கட்டணமின்றிச் சரிசெய்து தருவதாக நிறுவனம் அறிவிக்க நேர்ந்தது. பயனர் எந்தத் தவறும் செய்யாமலே இது நிகழ்ந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆயினும் தவிர்ப்பதன் விலை இதைவிடப் பெரிது. 2017 ஜூலை இறுதியில் பிஎஸ்என்எல் அகலக்கற்றை மோடங்கள் நாடெங்கும் திடீரெனச் செயலிழந்தன. 60,000க்கும் மேற்பட்ட மோடங்கள் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாததும், வெளியிலிருந்து அணுகக்கூடிய வாசல் ஒன்று திறந்தே கிடந்ததும் தீநிரலுக்குப் போதுமானதாயின. 2019 மே மாதம் வாட்ஸ்அப்பில் கண்டறியப்பட்ட ஓட்டையின் வழியே, அழைப்பை எடுக்காதவரின் கைபேசியிலும் பெகாசஸ் உளவுநிரல் புக முடிந்தது. உலகெங்கும் குறிவைக்கப்பட்ட ஏறத்தாழ 1,400 பேரில் இந்திய மனித உரிமை வழக்கறிஞர்களும் தலித் உரிமைச் செயற்பாட்டாளர்களும் இருந்தனர். 2021இல் ஐஃபோன்களில் இதே உளவுநிரல் பயன்படுத்திய மற்றொரு ஓட்டையை அவ்வாண்டு செப்டம்பர் 13 அன்று வெளியான ஐஓஎஸ் 14.8 அடைத்தது. அன்றிரவு அப்டேட் செய்தவருக்கு அந்தக் கதவு மூடிற்று. செய்யாதவருக்குத் திறந்தே இருந்தது.

பீமா கோரேகாவ் வழக்கில், அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்னும் தடயவியல் நிறுவனம், ரோனா வில்சன், தலித் வழக்கறிஞர் சுரேந்திர காட்லிங் ஆகியோரின் கணினிகளில் தீநிரல் வழியே கோப்புகள் வைக்கப்பட்டன என்று 2021இல் அறிக்கை அளித்தது. அரசுத்தரப்பு அதை ஏற்கவில்லை. அது ஃபர்ம்வேர் ஓட்டையால் நேர்ந்ததல்ல, மின்னஞ்சல் இணைப்பால் நேர்ந்ததாகவே அறிக்கை கூறுகிறது. எனினும் நம் கருவிக்குள் யார் நுழையக்கூடும் என்பது வெறும் தொழில்நுட்ப ஆர்வலரின் கவலை அல்ல என்பதற்கு அதைவிட வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

பிரதி எடுத்த பிறகே பொத்தான்

ஆகவே நாம் வலியுறுத்துவது வரிசையை. சான்று முதலில் கருவியைவிட்டு வெளியே வர வேண்டும், அதன்பின் அப்டேட். இவ்வரிசை மாறுவதால்தான் இழப்பு நேர்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கோருகிறது. கருவியின் நிறுவனம், மாடல், வரிசை எண், ஐஎம்இஐ எண் முதலியவற்றுடன் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் அதில் குறிப்பிட வேண்டும். ஹாஷ் மதிப்பு என்பது ஒரு கோப்பின் கைரேகை போன்றது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அம்மதிப்பு முற்றிலும் வேறாகிவிடும். கருவி உரிய காலத்தில் முறையாக இயங்கிவந்தது என்றும், இயங்காத இடைவெளி இருந்திருந்தால் அது பதிவின் துல்லியத்தைப் பாதிக்கவில்லை என்றும் அச்சான்றிதழ் உறுதிகூற வேண்டும். பாதியில் நின்ற அப்டேட் அப்படியோர் இடைவெளி. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் முதலில் கைவைக்கும் இடமும் அதுவே.

உச்ச நீதிமன்றம் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் 2020 ஜூலை 14 அன்று வழங்கிய தீர்ப்பு, பழைய 65பி பிரிவைப் பொருள்கொண்டு, மூலக்கருவியையே அதன் உரிமையாளர் சாட்சிக்கூண்டில் ஏறி ஒப்படைத்தால் தனிச் சான்றிதழ் தேவையில்லை என்றது. பிரதியை அளித்தால் சான்றிதழ் கட்டாயம் என்றது. ஏழைச் சாட்சியின் கீறல் விழுந்த கைபேசிக்கு இத்தனை கனம் உண்டு. அதைக் கடையில் கொடுத்து 'சாஃப்ட்வேர் போட்டு' வாங்குவது, மூல ஆவணத்தைக் கழுவிவிட்டு வெற்றுத்தாளை வாங்குவதற்கு ஒப்பானது. சர்வீஸ் சென்டரில் நீட்டப்படும் படிவத்தில், தரவு அழிந்தால் பொறுப்பேற்க மாட்டோம் என்ற வரி அநேகமாக இருக்கும். படிக்காமல் கையொப்பமிடக் கூடாது. அண்மைக்கால ஆண்ட்ராய்டு கைபேசிகளின் நினைவகம் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால், செங்கலாகிப்போன கைபேசியின் சிப்பைக் கழற்றி எடுத்தாலும் உள்ளிருக்கும் காணொளியை மீட்பது மிகக் கடினம்.

பிரதி எடுப்பது எப்படி? யுஎஸ்பி கேபிள் வழியே கணினிக்கோ, ஓடிஜி பென் டிரைவுக்கோ கோப்பை நேரடியாக நகலெடுப்பது சிறந்தது. வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் அது சுருக்கப்படுகிறது, பதிவான நேரம் முதலிய உள்விவரங்கள் இழக்கப்படுகின்றன. வேறு வழியில்லையேல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்ப வேண்டும். கூகுள் ஃபோட்டோஸில் சேமிப்பவர் மூலத் தரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெமரி கார்டில் வைப்பவர், அது கைபேசியின் உள் நினைவகத்தோடு இணைக்கப்பட்டிருக்கவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இணைக்கப்பட்ட கார்டு வேறெந்தக் கருவியிலும் திறக்காது. விண்டோஸ் கணினியில் செர்ட்யூட்டில் என்னும் கட்டளை ஏற்கெனவே இருக்கிறது. அதன் மூலம் ஷா-256 ஹாஷ் மதிப்பை எடுத்து, நாள், நேரம், கணினியை இயக்கியவர் பெயர் ஆகியவற்றோடு ஒரு நோட்டில் எழுதிக் கையொப்பமிடலாம். உதகையிலோ குன்னூரிலோ படிக்கும் மாணவர் ஒருவர் வார இறுதியில் ஊருக்கு வரும்போது செய்து தரக்கூடிய வேலை இது. இதற்கு நிபுணர் வேண்டியதில்லை. சான்றிதழின் இரண்டாம் பகுதிக்குத்தான் நிபுணரின் கையொப்பம் தேவை, அது பின்னர்.

ஒரு சூழலில் மட்டும் அப்டேட்டைத் தள்ளிவைக்கவே சொல்வோம். வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின் கீழ் புகார் அளிக்கப்பட்டு, கைபேசி விசாரணை அதிகாரியிடம் ஒப்படைக்கப்படவிருக்கிறது என்றால், தடயவியல் பிரதி எடுக்கப்படும்வரை எதையும் மாற்றக் கூடாது. இரவில் தானாக நிறுவும் வசதியை அணைத்துவிட்டு, கைபேசியை ஏர்ப்ளேன் மோடில் வைத்திருப்பது நல்லது. அக்காலத்தில் அன்றாடத் தேவைக்கு வேறொரு கைபேசியை அமைப்புத் தோழர்கள் ஏற்பாடு செய்து தருவது வழக்கறிஞர் கட்டணத்தைத் திரட்டுவதற்கு நிகரான உதவி.

அப்டேட் நாளன்று கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. மின்கலம் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். மலையில் மழைக்காலத்தில் எண்பது விழுக்காட்டுக்குக் குறைந்து தொடங்க வேண்டாம் என்பது நம் கருத்து. பதிவிறக்கமும் நிறுவலும் வெவ்வேறு கட்டங்கள். உதகைக்கு அல்லது மஞ்சூருக்குப் போகும் நாளில் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் பதிவிறக்கிக்கொண்டு, நிறுவலை வீட்டில் நிதானமாகச் செய்யலாம். பதிவிறக்கம் இடையில் அறுந்தால் கேடில்லை. கருவி கோப்பின் மின்னொப்பத்தைச் சரிபார்த்து, குறைபட்டதை ஒதுக்கிவிடும். எழுதும் கட்டத்தில் மின்சாரம் போவதுதான் ஆபத்து. 2016இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் பல கைபேசிகளில் இரட்டைப் பிரிவு முறை இருக்கிறது: பழைய ஃபர்ம்வேர் ஒரு பிரிவில் இயங்கிக்கொண்டிருக்க, புதியது மற்றொன்றில் எழுதப்படுகிறது, தோற்றால் பழையதற்கே திரும்புகிறது. மலிவான பழைய கைபேசிகளில் இவ்வசதி இருப்பதில்லை. கையில் உள்ளவை எவையோ அவற்றுக்கே எச்சரிக்கையும் அதிகம் தேவைப்படுகிறது.

மற்றொன்று, தொழில்நுட்ப நூல்களில் அதிகம் காணப்படாதது. நம் மக்கள் பலரின் கைபேசியில் உள்ள கூகுள் கணக்கை விற்ற கடைக்காரரே தொடங்கிக் கொடுத்திருப்பார். கடவுச்சொல் அவருக்கும் நினைவிராது. அப்டேட் பழுதாகி முழு ரீசெட் செய்ய நேர்ந்தால், அதே கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டுக் கைபேசி பூட்டிக்கொள்ளும். பொத்தானை அழுத்துமுன் அக்கணக்கை உரியவர் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டாரா என்று பார்ப்பது அவசியம்.

அப்டேட் வரும் இடம் ஒன்றே ஒன்றுதான்: கைபேசியின் செட்டிங்ஸ். இணையப் பக்கத்தில் குதித்து வரும் 'உங்கள் ஃபோன் பழையது' என்ற பலகையும், வாட்ஸ்அப்பில் போக்குவரத்து அபராதம், அரசு உதவித்தொகை என்ற பெயர்களில் வரும் ஏபிகே கோப்புகளும் வங்கிக் கணக்கைத் துடைக்க வருபவை.

ரௌட்டருக்கும் டிவிஆருக்கும் மின்கலம் இல்லை. யுபிஎஸ் இல்லாத இடத்தில், காற்றும் மழையும் இல்லாத பகல் வேளையில் மட்டுமே அவற்றைத் தொடலாம். ரௌட்டரின் அடியில் ஒட்டப்பட்ட தாளில் மாடலோடு வன்பொருள் பதிப்பு எண்ணும் இருக்கும். அவ்விரண்டும் பொருந்தும் கோப்பை மட்டுமே நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்து, லேன் கேபிள் வழியே ஏற்ற வேண்டும். பின்னர் ஆலைக் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். பிஎஸ்என்எல் பாடம் அதுவே. படிப்பகத்திலோ சமுதாயக்கூடத்திலோ அம்பேத்கர் சிலையருகிலோ நாம் பொருத்தியிருக்கும் கேமராக்களின் டிவிஆரில், அப்டேட்டுக்கு முன் தேவையான பதிவுகளை வெளியே எடுத்துவிட வேண்டும். சில மாடல்களில் வன்தட்டு அழிக்கப்படலாம். முடிந்ததும் கடிகாரத்தைச் சரிபார்க்க வேண்டும். அப்டேட்டுக்குப் பின் நேரம் பழைய ஆண்டுக்குத் திரும்பிவிட்ட பதிவுப்பெட்டி, நிகழ்ந்தது நிகழ்ந்த நேரத்தில் நிகழவில்லை என்று சொல்லும் சாட்சியாகிவிடும்.

அப்டேட்டே வராத கைபேசிகள்

இவ்வளவும் அப்டேட் வரும் கருவிகளுக்கு. செட்டிங்ஸில் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதி காட்டப்படும். அது ஓராண்டுக்கு மேல் பழையதாக நின்றுபோயிருந்தால் அந்தக் கைபேசியை நிறுவனம் கைவிட்டுவிட்டது என்று கொள்ளலாம். விலையுயர்ந்த கைபேசிகளுக்கு ஏழாண்டுகள் வரை திருத்தம் அளிப்பதாகச் சில நிறுவனங்கள் உறுதியளிக்கின்றன; ஏழைகள் வாங்கும் மாடல்களுக்கு அது மிகக் குறைவு, கைமாறி வந்தவற்றுக்குப் பெரும்பாலும் ஏதுமில்லை. பாதுகாப்பு வருமானத்தின்படி பங்கிடப்படுகிறது. நம் நாட்டில் வருமானம் எதன்படி பங்கிடப்படுகிறது என்பதை இத்தளத்தின் வாசகருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எதுவரை பாதுகாப்புத் திருத்தம் வரும் என்பதை விற்பவர் அறிவித்தாக வேண்டும். எல்லாக் கருவிக்கும் பொதுவான ஆலைக் கடவுச்சொல்லும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு கைபேசி மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் மென்பொருள் அப்டேட்டுகளை வழங்க வேண்டும். இத்தாலியின் போட்டி ஆணையம் 2018இல், பழைய கைபேசிகளை மந்தமாக்கிய அப்டேட்டுகளுக்காக ஆப்பிளுக்கும் சாம்சங்குக்கும் அபராதம் விதித்தது.

இங்கே அத்தகைய தனிச்சட்டம் இல்லாவிடினும் கைகள் கட்டப்பட்டிருக்கவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன் பிரிவு 2(11), தொடர்புடைய தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடாகச் சேர்க்கிறது. திருத்தம் எப்போது நின்றுபோகும் என்பதைச் சொல்லாமல் விற்பதை அதன்கீழ் கொண்டுவர முடியும் என்பது நம் வாதம். நிறுவனத்தின் அப்டேட்டே கைபேசியைப் பழுதாக்கியிருந்தால் வழக்கு இன்னும் நேரடியானது. பிரிவு 34, புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே புகாரளிக்க அனுமதிக்கிறது. நிறுவனம் பெங்களூரிலும் சர்வீஸ் சென்டர் கோவையிலும் இருந்தாலும், அவலாஞ்சித் தொழிலாளி உதகமண்டலத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணமில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவுசெய்துவிட்டு அதன் எண்ணைப் புகாரில் இணைக்கலாம். ரசீது, அப்டேட் அறிவிப்பின் திரைப்படப்பிடிப்பு, சர்வீஸ் சென்டர் கொடுத்த ஜாப் ஷீட் ஆகிய மூன்றையும் பத்திரப்படுத்த வேண்டும். ஜாப் ஷீட்டில் 'வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம்' என்று எழுதப்பட்டிருந்தால், அங்கேயே மறுப்பை எழுதிவிட்டுப் பிறகு கையொப்பமிட வேண்டும்.